சவப்பெட்டியில் நான்கு தந்திகள்

சைக்கோபில்லி என்று ஒரு இசை வகை இருக்கிறது. பெயரைப் பார்த்து மனநல மருத்துவக் கட்டுரை என்று நினைத்துவிட வேண்டாம். 1950களின் ராக்கபில்லியை எடுத்து, 1970களின் பங்க் வேகத்தில் ஓட்டி, பாட்டுக்குள் பிசாசு, ரத்தக்காட்டேரி, கல்லறை, மலிவான பேய்ப்படம் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டால் கிடைப்பது அது. மேடையில் ஆளுயர டபுள் பேஸ் நிற்கும். பாடுபவரின் முகத்தில் பிண மேக்கப் வழியும். டென்மார்க்கின் நெக்ரோமான்டிக்ஸ் குழுவை நடத்தும் கிம் நெக்ரோமான் வாசிக்கும் பேஸ் சவப்பெட்டி வடிவத்திலேயே செய்யப்பட்டது. இசைக்கு வருவதற்கு முன் அவர் டென்மார்க் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்தவர். கடலுக்கு அடியில் மூடிய பெட்டிக்குள் இருந்த மனுஷன் மேலே வந்து வாசிக்க ஒரு சவப்பெட்டியைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

அந்தச் சொல் பலர் காதில் முதலில் விழுந்தது 1976இல், ஜானி கேஷ் பாடிய 'ஒன் பீஸ் அட் எ டைம்' பாட்டில். கார் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் வருடக்கணக்காக ஒவ்வொரு பாகமாகக் கடத்திக்கொண்டுவந்து வீட்டில் ஒரு காடிலாக் கட்டுகிறார். ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு வருடத்து மாடல். எதுவும் எதனோடும் பொருந்தாது. ஆனால் வண்டி ஓடும். அந்த விசித்திர வண்டிக்குப் பாட்டு வைத்த பெயரில்தான் இந்தச் சொல் வருகிறது. நியூயார்க்கின் த க்ராம்ப்ஸ் குழு அதை எடுத்துத் தங்கள் போஸ்டர்களில் போட்டுக்கொண்டது. பிறகு லண்டனில் 1980இல் தொடங்கிய த மீட்டியார்ஸ் அதையே தங்கள் அடையாளமாக ஆக்கிக்கொண்டார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் எந்த சாஃப்ட்வேரையாவது திறந்து பார்த்தவர்களுக்கு அந்த காடிலாக்கை நன்றாகத் தெரியும்.

எனக்கு இதை அறிமுகப்படுத்தியவர் என் டீமில் இருக்கும் 58 வயதுக்காரர். லண்டன்காரர். நாங்கள் அவரை எங்களுக்குள் 'பெருசு' என்போம். 'நாங்கள்' என்றால் நானும் மாப்ளயும். மாப்ள கல்லூரி விடுதியில் நான்கு வருடம் என் ரூம்மேட். கோவைக்காரன். லண்டனிலும் எனக்குப் பக்கத்துத் தெருவிலேயே வீடு பிடித்தான். பெருசு 17 வயதில் ஹாமர்ஸ்மித்தின் கிளாரண்டன் ஹோட்டலில் நடந்த க்ளப் ஃபுட் இரவுகளுக்குப் போனவர். இந்த இசைக்கு அது கோயில் மாதிரி. அங்கே நேரடியாகப் பதிவுசெய்த 'ஸ்டாம்பிங் அட் த க்ளப் ஃபுட்' தொகுப்புகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள். கட்டடம் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். நள்ளிரவு ரிலீஸ்களின்போது பெருசு அந்தத் தொகுப்புகளை ஸ்பீக்கரில் போடுவார். சர்வர் விழுந்து கிடக்கும்போது கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான இசை கிடையாது.

போன இலையுதிர் காலத்தில் நார்ஃபோக் கடற்கரையில் நடந்த ஒரு வார இறுதி விழாவுக்கு அவர் எங்களை அழைத்தார். பகலில் ராக்கபில்லி, இரவில் சைக்கோபில்லி. ஆறு மாதம் முன்பே மூன்று பேருக்கும் பணம் கட்டியாகிவிட்டது. விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை காலை, மாப்ளயின் கம்பெனி அவனுக்கு வேலை இல்லை என்று மெயில் அனுப்பியது. ஸ்பான்சர்ஷிப் விசாவில் இருப்பவர்களுக்கு இதன் பொருள் தெரியும். உள்துறையின் கடிதம் வந்த நாளிலிருந்து 60 நாள். அதற்குள் ஸ்பான்சர் செய்யும் வேறு கம்பெனி கிடைக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும்.

"வேண்டாம்னா நாங்களும் போகல மாப்ள," என்றேன்.

"காசு கட்டியாச்சில்ல? வீட்ல உக்காந்து லிங்க்ட்இன்ன வெறிச்சுப் பாக்கறதுக்கு, பேய் பாட்டாச்சும் கேக்கலாம்," என்றான். குக்கரையும் எடுத்துக்கொண்டான்.

*

ராக்கபில்லியை எனக்கு உண்மையில் பிடிக்கவைத்தது ஒரு தொழில்நுட்ப விஷயம்.

1954 ஜூலை 5. மெம்ஃபிஸ் நகரின் யூனியன் அவென்யூ 706ஆம் எண்ணில் இருந்த சாம் ஃபிலிப்ஸின் ஸ்டூடியோ. 19 வயது எல்விஸ் பிரெஸ்லி பாடுகிறார். கிட்டாரில் ஸ்காட்டி மூர், டபுள் பேஸில் பில் பிளாக். டிரம்ஸ் கிடையாது. அதனால் பில் பிளாக் பேஸையே டிரம்ஸாகவும் வாசிக்க வேண்டியிருந்தது. தந்தியை விரலைக் கொக்கிபோல் வளைத்து இழுத்துவிட்டால் சுரம் எழும். அந்தத் தந்தி பலகையில் திரும்பி மோதும்போது ஒரு 'டக்'. அடுத்து உள்ளங்கையால் பலகையில் தட்டினால் இன்னொரு 'டக்'. ஸ்லாப் என்பது இதுதான். பில் பிளாக்குக்குப் பல பத்தாண்டுகள் முன்பே நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் இப்படி வாசித்துக்கொண்டிருந்தார்கள். தோல் கிழியாமல் இருக்க ஸ்லாப் வாசிப்பவர்கள் விரலில் டேப் சுற்றிக்கொள்வதைப் பார்த்தபோது எனக்குத் தவில்காரர்களின் விரல்கூடு ஞாபகம் வந்தது.

அடுத்தது எதிரொலி. டேப் ரெக்கார்டரில் ஒலியைப் பதியும் ஹெட் ஒன்று, அதை வாசிக்கும் ஹெட் ஒன்று. டேப் ஒன்றைக் கடந்து இன்னொன்றுக்குப் போய்ச்சேரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். சாம் ஃபிலிப்ஸ் இரண்டாவதாக ஒரு மெஷினை வைத்து, அந்தத் தாமதமான ஒலியை மூல ஒலியோடு கலந்தார். நொடியில் ஏழில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்ற கணக்கில் வரும் ஒரே ஒரு எதிரொலி. மூன்று பேர் வாசிப்பது ஐந்து பேர் வாசிப்பதுபோல் கேட்கும். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் லேட்டன்ஸி. 130 மில்லிசெகண்டை 100 ஆக்கத்தான் எனக்குச் சம்பளம். அவரோ அதே தாமதத்தை வைத்து ஒரு இசைக்கு முகமே செய்துகொடுத்துவிட்டார்.

அந்த முதல் தட்டின் ஒரு பக்கத்தில் கறுப்பின ப்ளூஸ் பாடகர் ஆர்தர் க்ரூடப் 1946இல் பதிவுசெய்த பாட்டு. மறுபக்கத்தில் வெள்ளையர் நாட்டுப்புற இசையான ப்ளூகிராஸின் பிதாமகர் பில் மன்ரோவின் பாட்டு. ராக்கபில்லியின் மொத்தப் பிறப்புச் சான்றிதழும் அந்த இரண்டு பக்கத்தில் இருக்கிறது. க்ரூடப் தன் பாட்டுகளுக்கு வரவேண்டிய பணத்தைப் பெரிதாகக் கண்ணில் பார்க்காமலே 1974இல் இறந்துபோனார். அதுவும் அந்தச் சான்றிதழில் சேர்த்திதான்.

*

இங்கிலாந்தின் கடற்கரை விடுமுறை முகாம்கள் ஒரு தனி உலகம். 1936இல் ஸ்கெக்னஸில் பில்லி பட்லின் தொடங்கிய முகாம் இந்த மாதிரியைப் பிரபலமாக்கியது. உழைக்கும் குடும்பங்கள் வருடத்தில் ஒரு வாரம் வந்து தங்க, வரிசை வரிசையாகச் சின்ன அறைவீடுகள், நடுவில் ஒரு பெரிய ஹால். பிறகு விமானம் மலிவானதும் சனங்கள் ஸ்பெயினுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். சீசன் முடிந்து காலியாகக் கிடக்கும் முகாம்களை வாடகைக்கு எடுத்து இப்படி விழா நடத்துவது ஒரு மரபாகிவிட்டது. 'சாலே' என்கிற எங்கள் அறைவீட்டில் இரண்டு படுக்கையறை, ஒரு கெட்டில், சூடாவதற்கு மணிக்கணக்கில் யோசிக்கும் ஒரு ஹீட்டர். ஹாலின் கார்ப்பெட்டில் அரை நூற்றாண்டின் பியர் ஊறியிருந்தது.

வெள்ளி மாலை கையில் பட்டை கட்டிக்கொண்டு உள்ளே போனோம். எண்ணெய் பூசி முன்னால் உயர்த்திய தலைமுடிகள். புள்ளிப் பாவாடைகள். முழங்கால்வரை நீளும் கோட்டும் தடித்த ரப்பர் அடிக்காலணியும் போட்ட டெடி பாய்கள். அவர்களில் பலருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். சைக்கோபில்லிக்காரர்களைத் தனியாக அடையாளம் காணலாம். பக்கங்களை மழித்து நடுமுடியை மட்டும் சுவர்போல் நிறுத்தியிருப்பார்கள். ப்ளீச் தெளித்த ஜீன்ஸ், பூட்ஸ், கழுத்துவரை பச்சை. அவர்களும் ஐம்பதுகளில் இருந்தார்கள். சிலருக்கு நிறுத்துவதற்கு முடி போதவில்லை.

அத்தனை பேருக்கு நடுவில் எங்கள் நிறத்தில் இருந்தவர்களை எண்ண இரண்டு கை தேவைப்படவில்லை. யாரும் முறைக்கவில்லை, ஒரு சொல் தப்பாகச் சொல்லவில்லை. வரிசையில் முன்னால் நின்ற அம்மா என் சட்டையைப் பார்த்து, 'காலர் நல்லாயிருக்கு' என்றார். இருந்தாலும் எனக்குள் ஏதோ ஒன்று சுவரோரமாகவே நின்றது.

காரணம் இதுதான். இங்கே எல்லோரும் ஏங்குவது 1950களுக்கு. அந்த 1950களில் நான் எங்கே இருந்திருப்பேன்? 1958 ஆகஸ்ட் இறுதியில் லண்டன் நாட்டிங் ஹில்லில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர்களின் வீடுகளைத் தேடித்தேடித் தாக்கிய கும்பல்களில் டெடி பாய்கள் இருந்தார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் உன் நிறத்துக்குக் கிடையாது என்று சொல்வது இந்த நாட்டில் 1968வரை சட்டப்படி குற்றமே இல்லை. அடுத்தவர் கனவு காணும் பொற்காலத்தில் நம்மை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள் என்று தெரிந்துகொண்டு அந்தப் பாட்டுக்குக் கால் தாளம் போடுவது ஒரு விசித்திரமான நிலை. பழைய தமிழ்ப் படங்களைப் பார்க்கும்போதும் சிலருக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வெள்ளித்திரையில் தெரியும் அந்த அழகான கிராமத்தில் தங்கள் தாத்தா எந்தத் தெருவில் நடக்கக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். பாட்டு மட்டும் நன்றாக இருக்கும்.

*

சனிக்கிழமை மதியம் கடைகளைச் சுற்றினோம். பழைய தட்டுகள், போமேடு டப்பாக்கள், பாவாடைகள், துணியில் தைக்கும் பேட்ச்கள். மண்டையோடு, பகடை, செர்ரிப்பழம், எட்டாம் எண் பந்து. அவற்றுக்கு நடுவில் சிவப்புத் துணியில் நீலப் பெருக்கல் குறி, அதற்குள் வெள்ளை நட்சத்திரங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடி.

மாப்ள அதைக் கையில் எடுத்தான். "இது எதுக்கு?" என்று கடைக்காரரிடம் கேட்டான். சண்டைக்கில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"கலகக்காரன் கொடி. ராக் அண்ட் ரோல், அவ்வளவுதான். வேற அர்த்தம் ஒண்ணும் இல்ல," என்றார் கடைக்காரர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மாப்ள தலையாட்டிவிட்டு அதை இருந்த இடத்தில் வைத்தான். பெருசு பக்கத்துக் கடையின் தட்டுகளை வேகமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒன்றையும் படிக்கவில்லை என்பது தெரிந்தது.

சாலேக்குத் திரும்பினோம். மாப்ள ரசம் வைத்தான். முதல் நாள் குடித்ததற்கு மருந்து என்று சொல்லிப் பெருசுக்கு ஒரு கப் கொடுத்தோம். அவர் இரண்டு வாய் குடித்துவிட்டு இடது சட்டைக்கையைச் சுருட்டினார். முழங்கைக்குக் கீழே சிறகு விரித்த வௌவால், கறுப்பாக, பெரிதாக. ஆபீஸில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"இதுக்கு அடியில அந்தக் கொடிதான் இருக்கு," என்றார்.

17 வயதில் குத்திக்கொண்டாராம். பிடித்த குழுக்களின் தட்டு உறைகளில் பார்த்த படம், அதற்கு மேல் யோசிக்கவில்லை. க்ளப் ஃபுட்டில் பங்க், ஸ்கின்ஹெட், ராக்கர் என்று ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளக்கூடிய கூட்டங்கள் எல்லாம் ஒரே கூரைக்கடியில் வரும். அதனால் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: அரசியல் பேசக்கூடாது. சைக்கோபில்லிக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சட்டம் அது. "அதனாலதான் சண்டை இல்லாம இருந்தோம்," என்றார் பெருசு. "அதனாலதான் ஒன்பது வருஷம் என் கையைப் பத்தி ஒருத்தனும் என்கிட்ட கேக்கவும் இல்ல."

1994இல் அவருடைய மகள் பிறந்தாள். பிரசவ அறையில் இருந்த நர்ஸ் ஜமைக்காக்காரப் பெண்மணி. துண்டில் சுற்றிய குழந்தையை நீட்டும்போது அவருடைய கண் இவர் கையில் ஒரு கணம் நின்றது.

"ஏதாவது சொன்னாங்களா?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல. கையை எப்படி வெச்சுக்கணும்னு காட்டினாங்க. தலையைத் தாங்கிப் பிடிங்கன்னாங்க. குழந்தையை என் கையில குடுத்தாங்க."

அடுத்த மாதம் வௌவாலைக் குத்திக்கொண்டார். கோடையெல்லாம் முழுக்கைச் சட்டை போட்டே கழித்தாராம். ஜன்னல் வெளிச்சத்தில் கையைத் திருப்பிக் காட்டினார். வௌவாலின் இடது சிறகுக்குள் பெருக்கல் குறியின் ஒரு கோடு மங்கலாகத் தெரிந்தது. பழைய மை முழுதாகப் போகாது, மேலே எதையாவது எழுதத்தான் முடியும்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாப்ள, "இன்னொரு கப் ஊத்தட்டுமா?" என்றான். பெருசு கப்பை நீட்டினார்.

*

அன்றிரவு எனக்குச் சைக்கோபில்லி வேறு மாதிரி கேட்டது. பகலில் ராக்கபில்லிக்காரர்கள் 1955ஐ அப்படியே காப்பாற்றி வைத்திருந்தார்கள். சட்டையின் தையல், மைக்கின் மாடல், ஆம்பிளிஃபையரின் வால்வுவரை எல்லாம் துல்லியம். அருங்காட்சியகத்தின் அன்பு அது. இரவில் வந்தவர்கள் அதே மூன்று கார்டுகளை, அதே ஸ்லாப்பை எடுத்தார்கள். ஆனால் அவர்கள் கையில் அது தோண்டி எடுத்த பிணமாக இருந்தது. அழுகல் தெரிந்தது, மண் ஒட்டியிருந்தது. அந்தப் பொற்காலம் செத்துவிட்டது, அதை எழுப்பி நடக்கவிட்டால் சாம்பிதான் வரும் என்று பச்சை விளக்கில் கத்தினார்கள். அவர்கள் இதைத் திட்டமிட்டுச் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்குப் பேய்ப்படம் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் இறந்தகாலத்தை மாலை போட்டு வணங்குகிறவர்களைவிட அதைப் பிணம் என்று ஒத்துக்கொண்டு அதோடு ஆடுகிறவர்கள் நடுவில் எனக்கு மூச்சு விடுவது சுலபமாக இருந்தது. சுவரோரம் நின்றது மெதுவாக நகர்ந்து வந்தது.

மேடைக்கு முன்னால் நடக்கும் ஆட்டத்துக்கு ரெக்கிங் என்று பெயர். மீட்டியார்ஸ் ரசிகர்களிடமிருந்து வந்தது. மேல்சட்டையைக் கழற்றிவிட்டு, கால்களை ஓங்கி மிதித்து, முஷ்டியையும் முழங்கையையும் வீசி ஆடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கலவரம். கிட்டே போனால்தான் ஒழுங்கு தெரியும். அடி மார்பிலும் தோளிலும் விழுமே தவிர முகத்துக்குப் போகாது. யாராவது விழுந்தால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நாலு கை நீண்டு தூக்கிவிடும். கண்ணாடி விழுந்தால் ஒருவர் அதைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். உரியவர் வரும்வரை இறக்க மாட்டார்.

பெருசுக்கு முழங்கால் போய்விட்டது. அவர் இப்போது வட்டத்தின் விளிம்பில் நிற்பவர். தள்ளாடி வெளியே வருகிறவர்களைத் தாங்கி, நிமிர்த்தி, மறுபடி உள்ளே தள்ளிவிடுவது விளிம்பில் நிற்பவர்களின் வேலை. அவரைப்போல முப்பது நாற்பது பேர் நின்றார்கள்.

மூன்றாவது பாட்டில் மாப்ள கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். "பர்ஸையும் வெச்சுக்கோ" என்றான். உள்ளே போய்விட்டான். 62 கிலோ உடம்பு. பார்த்துக்கொண்டே இருந்தேன், மூன்று முறை காணாமல் போனான், மூன்று முறை மேலே வந்தான். ஒரு முறை நேராகப் பெருசின் மார்பில் வந்து மோதினான். பெருசு அவனை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு நொடி முகத்தைப் பார்த்து, திருப்பி உள்ளே அனுப்பினார். புதன்கிழமையிலிருந்து மாப்ள அழவில்லை, கத்தவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. ஹெச்.ஆருக்கு நன்றி சொல்லி மெயில்கூட எழுதியிருந்தான். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது உதடு வீங்கியிருந்தது, மார்பெல்லாம் சிவப்பு. "செம்ம," என்றான். அப்புறம் ஹாலுக்கு வெளியே குளிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் குனிந்து நின்றான். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

*

ஞாயிறு மதியம் டிஜே திடீரென்று 1965இல் வந்த 'கும்னாம்' படத்தின் 'ஜான் பெஹ்சான் ஹோ' பாட்டைப் போட்டார். முகமது ரஃபி பாடியது. 2001இல் வந்த 'கோஸ்ட் வேர்ல்ட்' என்ற ஹாலிவுட் படம் இந்தப் பாட்டோடுதான் தொடங்கும், அப்போதிருந்து இந்த உலகத்தில் இதற்குத் தனி மரியாதை. செர்ரிப்பழப் பாவாடை போட்ட ஒரு அம்மா ஓடி வந்து, "உங்க பாட்டு! உங்க பாட்டு!" என்று எங்கள் இருவரையும் இழுத்தார்.

"எங்களுக்கு ஹிந்தி தெரியாதுங்க," என்று மாப்ள ஆங்கிலத்தில் விளக்கப் பார்த்தான். அறுபது வருட மொழி அரசியலை அந்த இரைச்சலில் எங்கே சொல்வது. ஆடினோம். இரண்டு நாளில் எங்கள் நிறத்துக்குக் கிடைத்த ஒரே பாட்டு, அதுவும் எங்களுடையதில்லை.

மாலையில், கடைசிக் குழுவுக்கு முன்னால், விழா நடத்துபவர் ஒரு தாளோடு மேடையேறினார். போன வருடம் இங்கே இருந்து இந்த வருடம் இல்லாதவர்களின் பெயர்கள். இரண்டு பக்கம் இருந்தது. பெயர், ஊர். பெயர், ஊர். சவப்பெட்டிக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் வாழ்ந்த கூட்டம் தொப்பிகளைக் கழற்றிவிட்டு அசையாமல் நின்றது. 18 வயதில் சாவை வேஷமாகப் போட்டுக்கொண்டவர்களுக்கு இப்போது அது உண்மையாகவே வரத் தொடங்கியிருக்கிறது. பெருசு ஒரு பெயருக்குக் கண்ணை மூடினார். யார் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஹாலின் மூலையில் அடுத்த வருடத்துக்கு முன்பணம் கட்டும் மேஜை போட்டிருந்தார்கள். பெருசு வரிசையில் நின்று மூன்று பேர் பெயரையும் எழுதினார்.

"என் பேரு வேண்டாம். அப்ப எனக்கு விசா இருக்காது," என்றான் மாப்ள.

"இவங்க விசா கேக்கறதில்ல. முன்பணம் மட்டும்தான்," என்றார் பெருசு. கார்டை நீட்டினார்.

மாப்ள இப்போது கோவையில் இருக்கிறான். ஐம்பத்து மூன்றாம் நாள் கிளம்பினான். அங்கேயே ஒரு வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் பரவாயில்லை என்கிறான். நேற்றிரவு போன் வந்தது. விசிட்டர் விசா படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பயணத்தின் நோக்கம்னு ஒரு கட்டம் இருக்கு மாப்ள," என்றான். "என்னன்னு போடறது?"